கண் ஒரு கேமரா, விழித்திரை அதன் ஃபிலிம் என்பது சரியா?

பள்ளியில் அப்படித்தான் படித்ததாகவும், பார்ப்பதெல்லாம் மூளையின் வேலைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ், தலைகீழ் பிம்பம் வரை கேமரா உவமை பொருந்தும். ஃபிலிம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்றிரவு டியூப்லைட்டின் கீழே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஒரு சாண் உயரத்தில் அட்டையைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும். அந்த வெளுப்பு முடிந்து முழு வெளிச்சம் தொடங்கும் இடத்தில், தாளைவிடப் பளிச்சென்று ஒரு கோடு தெரியும். முழு நிழல் முடிந்து வெளுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கருங்கோடு. முதன்முதலில் பார்த்தபோது கறை என்று நினைத்துத் தாளைத் திருப்பிப் போட்டேன். கோடு அங்கேயே இருந்தது. ஒளிமானியால் அளந்தால் அப்படி ஒரு கோடே கிடையாது.

1865இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இதை ஆராய்ந்து, விழித்திரையின் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று ஊகித்தார். அதை நரம்பிலேயே அளந்து காட்டியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஹார்ட்லைன். லாட நண்டின் கூட்டுக்கண்ணில் ஓர் அலகுக்கு ஒளி காட்டினால் அதன் நரம்பு படபடவென்று துடிக்கும். பக்கத்து அலகுகளுக்கும் ஒளி காட்டினால் துடிப்பு குறையும். அதாவது அண்டை அலகுகள் ஒன்றையொன்று அடக்குகின்றன. இந்த ஆய்வுகளுக்காக 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் விழித்திரையில் இப்படி அடக்கும் வேலைக்கென்றே கிடைமட்டச் செல்கள் இருக்கின்றன. இப்போது அந்தப் பளிச்சென்ற கோட்டுக்கு வாருங்கள். அங்குள்ள செல்லுக்கு ஒரு பக்கத்து அண்டையர் மங்கலில் இருக்கிறார்கள். அடக்கும் கை தளர்கிறது. அது மற்றவற்றைவிட உரக்கச் சொல்கிறது. மூளைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது.

ஏன் இப்படி? சுமார் 12 கோடி ஒளியுணர் செல்களின் செய்தி, ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியே போக வேண்டும். அத்தனையையும் அப்படியே அனுப்ப முடியாது. வெறுஞ்சுவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளிம்பைப் பற்றித்தான் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சான்று செய்தித்தாள். உச்சிவெயிலில் அதன் கறுப்பு எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் அதே தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் வெயிலில் எழுத்து கறுப்பாகவே தெரிகிறது. பக்கத்து வெள்ளையோடு ஒப்பிட்டுத்தான் விழித்திரை செய்தி அனுப்புகிறது.