கட்டி என்னவென்று உறுதியாகாமலேயே கல்லீரலில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

மனைவியின் கல்லீரலில் 6 செ.மீ. கட்டி இருப்பதாகவும், அது புற்றா இல்லையா என்று தெரியாத நிலையில் பயாப்சிகூட (ஊசியால் திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யாமல் அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். என் தங்கைக்கு இதே நிலை வந்தபோது உடனிருந்தவன்.

பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் அவளுடைய கட்டி தற்செயலாகத் தெரிந்தது. கல்லீரல் புற்றில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் இயல்பாகவே இருந்தது; கல்லீரல் புற்று உள்ளவர்களிலும் பலருக்கு அது உயர்வதில்லை என்பதால் அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம் என்றார் அறுவை மருத்துவர். எம்.ஆர்.ஐ. அறிக்கையோ, 'அடினோமாவாக இருக்கலாம், புற்று இல்லையென்று சொல்ல இயலாது' என்று முடிந்திருந்தது. அடினோமா என்பது கல்லீரல் செல்களிலிருந்து வளரும், புற்றல்லாத கட்டி.

பயாப்சி செய்தால் தெரிந்துவிடாதா என்று நாங்களும் கேட்டோம். ஊசியில் வருவது கட்டியின் ஒரு துணுக்குதான். அடினோமாவையும் தொடக்க நிலைப் புற்றையும் அந்தத் துணுக்கை வைத்துப் பிரித்தறிவது நோயியல் வல்லுநருக்கே கடினம். ரத்தக்கசிவும், புற்றாக இருந்தால் ஊசி சென்ற வழியில் செல்கள் பரவுவதும் அரிதாக நேரக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 5 செ.மீ.க்கு மேற்பட்ட அடினோமா உள்ளே வெடித்து ரத்தம் கசியலாம், புற்றாகவும் மாறலாம் என்பதால், இரண்டில் எதுவானாலும் எடுப்பதுதான் வழி என்றார் அந்த அறுவை மருத்துவர். பயாப்சி முடிவு சிகிச்சையை மாற்றுமா என்பதையே நீங்களும் முதலில் கேளுங்கள்.

மாற்றும் என்றால் கதை வேறு. வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று, லிம்போமா எனும் நிணநீர் மண்டலப் புற்று போன்ற சந்தேகம் இருந்தால் பயாப்சி அவசியம்; லிம்போமாவுக்குக் கத்தியல்ல, மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. எஃப்.என்.எச். எனப்படும் தீங்கற்ற கட்டியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனிவகை மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மனைவி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். அடினோமாதான் என்று தெரிந்தால், மாத்திரையை நிறுத்தி 6 மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதுண்டு. சில கட்டிகள் சுருங்கிவிடும். ஆண்களுக்கு வரும் அடினோமாவில் இந்தக் காத்திருப்பு இல்லை, அளவு எதுவானாலும் எடுக்கவே சொல்வார்கள்.

அறுவைக்குப் பின் எத்தனை சதவீதம் கல்லீரல் மிஞ்சும் என்பதையும் கேளுங்கள். நலமான கல்லீரலில் 25 சதவீதம் அளவுக்கு எஞ்சினால் போதும் என்பார்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) இருந்தால் 40 சதவீதமாவது வேண்டும்.

வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். என் தங்கை விஷயத்தில் இரண்டாவது மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களைத்தான் பார்த்தார்.