கல் சரிவில் கேபர்னே திராட்சை: மேல் வரிசை ஏன் சோர்கிறது?

கேள்வி: கலிபோர்னியா நாபா பகுதியில், ஹவல் மலையில் ஒன்றரை ஏக்கர் கல் சரிவு. 110ஆர் என்ற வேர்ச்செடி ரகத்தில் ஒட்டுக்கட்டிய கேபர்னே சாவிஞான் ஒயின் திராட்சைக் கொடிகளுக்கு இது மூன்றாம் ஆண்டு. மேல் வரிசைகளில் தளிர் இரண்டடி தாண்டவில்லை. கீழ் வரிசைகளில் காடாக மண்டுகிறது. உச்சிக்கும் அடிக்கும் 60 அடி உயர வித்தியாசம். மேலே உரத்தைக் கூட்டலாமா?

பதில்: உரத்தை இப்போது தொடாதீர்கள். முதலில் ஒரு டம்ளரும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான்களில் நீரைப் பிடித்து அளந்து பாருங்கள். 60 அடி இறக்கத்தில் குழாய் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 1.8 பார் (அழுத்த அலகு) கூடும். அழுத்தம் சமன்செய்யாத சாதாரணச் சொட்டுவான், மேலே மணிக்கு 2 லிட்டர் விட்டால் கீழே 3 லிட்டருக்கு மேல் விடும். பம்பை நிறுத்திய பிறகும் குழாயில் மிஞ்சிய நீரெல்லாம் கடைசி வரிசையில்தான் வடியும். அழுத்தம் சமன்செய்யும், வடியாத வகைச் சொட்டுவானுக்கு மாறுங்கள். மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனி வால்வு வையுங்கள்.

அடுத்தது மண். மேல் வரிசையில் இரு கொடிகளுக்கு நடுவே 4 அடிக் குழி வெட்டுங்கள். அடிப்பாறையில் செம்மண் புகுந்த வெடிப்பு இருந்தால் வேர் அதைப் பிடித்து இறங்கியிருக்கும். வெடிப்பில்லாத பாறை என்றால் வேர் அதன்மேல் தட்டையாகப் படர்ந்திருக்கும். இரண்டடி மண்ணில் பாதி கல் என்றால், நீர் தேங்க இருப்பது ஓரடி மண்தான். அங்கே ஒரேயடியாக விடும் நீர் வேரைத் தாண்டிப் போய்விடும். கோடையில் கொடிக்கு 8 லிட்டர் வீதம் வாரம் மூன்று முறை கொடுத்துத் தொடங்கி, மண்ணைத் தோண்டிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

குழி மண்ணின் கார அமில நிலையையும் (pH) சோதியுங்கள். எரிமலை மண்ணில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பை, நடுமுன் பாறையைக் கிளறும்போதே கலந்திருக்க வேண்டும். இப்போது மேலே தூவினால் கீழிறங்க ஆண்டுகள் ஆகும். இருந்தாலும் கொடி வரிசையில் தூவத்தான் வேண்டும்.

சோர்ந்த கொடிகளில் இந்த ஆண்டுக் குலைகளை முழுவதும் கிள்ளிவிடுங்கள். குளிர்காலக் கவாத்தில் இரண்டு மொட்டு விட்டு வெட்டுங்கள். மனம் வராதுதான், ஆனால் மெலிந்த தண்டைக் கம்பியில் ஏற்றினால் பிறகு தேறாது.

கீழ் வரிசைகளில் நீரைக் குறைத்து, இடைவெளியில் பார்லி விதையுங்கள்; வேர் போட்டியில் கொடி அடங்கும். காய் பிடித்ததும் காலை வெயில் படும் பக்கத்தில் குலையைச் சுற்றிய இலைகளைக் கிள்ளுங்கள். நிழலில் பழுத்த கேபர்னேயில் பச்சைக் குடமிளகாய் வாடை நின்றுவிடும்.