கோத்தகிரி பக்கம் பிள்ளைகளோடு ஜியோகேச்சிங் நடை போகலாமா?

டிசம்பர் விடுமுறைக்கு நீலகிரி வருவதாகவும், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடந்து ஜியோகேச் டப்பா (யாரோ மறைத்து வைத்ததை ஜிபிஎஸ் வைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) தேட ஆசை என்றும், அது பாதுகாப்பா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம்.

நான் பொதுவாக இங்கே பதில்களைப் படிப்பதோடு சரி. ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், "இது வெள்ளைக்காரன் விளையாட்டு, காட்டில் குப்பை போடுவதற்கு இன்னொரு பெயர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனசு வரவில்லை. காரணம், நானே ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அது குப்பை இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்காரன். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா அம்மா இரண்டு பேருமே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். நான் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். வண்டிக்கு ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெயரும் எண்ணும் இங்கே கிடையாது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜியோகேச்சிங் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. அதுவரை நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டிய கருவி ஒரே நாளில் சரியானது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, எண்களை இணையத்தில் போட்டார். அங்கே ஆரம்பித்ததுதான் இது. வெள்ளைக்காரன் ஆரம்பித்தது என்பது உண்மைதான். அதற்காக நாம் தொடக்கூடாதா? கிரிக்கெட்டை யார் ஆரம்பித்தார்கள்?

எனக்கு இது தெரிய வந்தது ஒரு ஜெர்மன் தம்பதியால். வழக்கமாக வண்டியில் ஏறுபவர்கள் தொட்டபெட்டா, கோடநாடு, கேத்தரின் அருவி என்று பட்டியல் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, போட்டோ எடுத்து, ஏறிவிடுவார்கள். இவர்கள் பட்டியல் எதுவும் காட்டவில்லை. கைபேசியில் ஓர் எண்ணைக் காட்டி, "இதற்கு நெருக்கமாக எங்கே நிறுத்த முடியும்?" என்று கேட்டார்கள். பார்த்தால், நான் பள்ளிக்கூடம் போன குறுக்குப் பாதை. ரோடு வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் தோட்டத்துக்குள் இறங்கி ஏறும் பாதை அது. இப்போது பிள்ளைகள் வேனில் போகிறார்கள். பாதி இடத்தில் செடி மூடி, பாதி இடத்தில் யாரோ கம்பி வேலி போட்டு, அந்தப் பாதைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பாதை உயிரோடு இருக்க அதில் கால் பட வேண்டும். எங்கிருந்தோ வந்த இரண்டு பேர் அந்தப் பாதையில் நடக்கவே வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்புறம்தான் நானும் ஒன்று வைத்தேன். காட்டுக்குள் இல்லை. ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தின் ஓரம், ஊர் ஆட்கள் இன்னும் நடக்கிற பாதையில். தோட்டக்காரர் பக்கத்து ஹட்டிக் (படுகர் ஊர்) கவுடர். அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வை. ஆனா செடிய யாரும் மிதிக்கக் கூடாது. கவ்வாத்து சமயத்துல ஒருத்தரும் வரக் கூடாது" என்றார். அதன்படியே கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் மாதங்களில் தளத்தில் அந்த டப்பாவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிடுவேன். அதற்கு வசதி இருக்கிறது.

டப்பா பிளாஸ்டிக் இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை எவ்வளவு காலமாக இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூடியில் ரப்பர் வளையம் உள்ள எவர்சில்வர் டப்பா, வெளியே மங்கிய பச்சை பெயிண்ட். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில், பிள்ளைகள் மாற்றிக்கொள்ளக் கோலிக்குண்டு, சாவிக்கொத்து மாதிரி சில்லறைப் பொருள்கள். பேனா வைத்தால் இங்கே அடிக்கும் பனிமூட்டத்தில் மை ஊறி எழுத்து கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும். சாப்பிடும் பொருள் எதையும் வைக்கவே கூடாது. மிட்டாய்க் காகிதம்கூடக் கூடாது. வாசனைக்குக் குரங்கு வரும், கரடியும் வரும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளையாடாத யாரும் பார்க்காதபடி டப்பாவை எடுக்க வேண்டும், ஆள் வந்தால் செருப்பு வாரைக் கட்டுவது போல நடிக்க வேண்டும் என்பார்கள். வேறு நாட்டுப் பூங்காவில் அது சரியாக இருக்கலாம். எங்கள் மலையில் அதைச் செய்யாதீர்கள். இங்கே நீங்கள் தனியாக இருப்பதாக நினைக்கும்போது, மேல் வரிசையில் இலை வெட்டுகிற பத்துப் பேர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, பெண் குழந்தை, கூட அந்தக் குழந்தையின் அப்பத்தா. என் வண்டியில்தான் வந்தார்கள், டப்பா என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொன்னால் தேடுகிற சந்தோஷம் போய்விடும். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டேன். அவர்கள் இறங்கிப் போய், சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே இருக்கும் கல் கட்டில் தேட ஆரம்பித்தார்கள். அப்பா கைபேசியை நீட்டிப் பிடித்தபடி நாலடி முன்னே, நாலடி பின்னே நடக்கிறார். குழந்தை ஒவ்வொரு கல் இடுக்கிலும் குனிந்து பார்க்கிறாள். அப்பத்தா பாதையில் நின்று யாராவது வருகிறார்களா என்று காவல் காக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மேலே கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. இடுப்பில் சாக்கு கட்டிய பெண்கள் நாலைந்து பேர் வரிசை வரிசையாக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். "என்ன சார் அளக்குறீங்க? யார் அனுப்புனது?" என்று ஒருவர் கேட்டார். குழந்தையின் அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சும்மாங்க, சும்மா பார்க்கறோம்" என்றார். அந்த 'சும்மா'தான் நிலைமையைக் கெடுத்தது. எங்கள் ஊரில் கையில் கருவியோடு வந்து 'சும்மா' பார்த்தவர்கள் எல்லோரும் கடைசியில் நிலத்துக்கு விலை பேசியவர்கள். ஒரு பெண் ஏற்கெனவே மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டார்.

நான் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். இது என் டப்பா, கவுடருக்குத் தெரியும், தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு என்று. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்த பாட்டி என்னை முறைத்து, "ஏம்ப்பா, அந்தப் பச்ச டப்பாவா? இதுக்காகவா இவ்வளவு நேரம் அந்தப் புள்ள கல்லுக்குள்ள கைய விடுது? கொரங்கு இழுத்துப் போட்டுச்சுன்னு நாந்தான் எடுத்து மேல வச்சேன்" என்றார். குழந்தையின் கையைப் பிடித்து, இரண்டு வரிசை மேலே கூட்டிக்கொண்டு போனார். கல் கட்டின் மூலையில், ஈரம் படாத ஒரு பொந்தில், மேலே ஒரு பலகைக் கல்லை மூடி வைத்திருந்தார். டப்பா மூடி இறுக்கமாக இருந்தது. நோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் அந்தக் குழந்தை நோட்டில் பெயர் எழுதினாள். கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு தன் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி வைத்தாள். எடுப்பதற்குச் சமமாகவோ அதற்கு மேலோ ஒன்றை வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. வந்த மேஸ்திரி அதையெல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தன் பையனைக் கூட்டி வரலாமா என்று கேட்டார்.

அதனால் சொல்கிறேன்: ஆள் இருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள், என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், கேட்டுவிட்டு உள்ளே போங்கள். "இப்படி எல்லோரிடமும் சொன்னால் விளையாட்டின் சுவையே போய்விடும், டப்பா திருடு போகும்" என்று அனுபவசாலிகள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். என் டப்பாவைப் பத்திரமாக வைத்திருப்பதே அந்த ஊர்தான்.

உங்கள் கேள்விக்கு இனி நேரடியாக. தளத்தில் ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், நடக்கும் தரை என்று இரண்டு மதிப்பெண் இருக்கும், இரண்டும் 1 முதல் 5 வரை. பிள்ளைகளோடு வருவதால் தரை 2க்கு மேல் எடுக்காதீர்கள். தளத்தில் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் கடைசி இலக்கம், அதாவது நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் மரங்களுக்கு அடியிலும் சரிவு ஓரத்திலும் சிக்னல் தடுமாறும். கடைசிப் பதினைந்து மீட்டரில் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். '200 மீட்டர்' என்று காட்டுவது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஒரு பள்ளமே இருக்கலாம். அம்புக்குறியை நம்பிச் சரிவில் இறங்காதீர்கள், பாதையிலேயே போங்கள்.

காலையில் கிளம்பி மூன்று மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். அதன் பிறகு மூட்டம் இறங்கும், காட்டுமாடு தேயிலைக்குள் வரும். பார்த்தால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா தடுத்துவிடும். எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் மண் சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. டிசம்பர் முதல் பாதியில் வருவதாக இருந்தால் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காப்புக்காட்டுக்குள் போகவே வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலியான காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகியது உங்களுக்கே தெரிந்திருக்கும். சோலைக்குள் நடக்க ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். லாங்வுட் சோலை பிள்ளைகளுக்கு ஏற்றது. அங்கே டப்பா வைக்கவும் கூடாது, தேடவும் கூடாது. டப்பாவே இல்லாத எர்த்கேச் என்று ஒன்று உண்டு, பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நம் மலைக்கு அது அருமையாகப் பொருந்தும். நீலகிரியின் சார்னோக்கைட் பாறையும் சென்னைப் பல்லாவரத்துக் கல்லும் ஒரே இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் அதற்குப் பெயரே வந்தது. இதைப் பிள்ளைகளுக்குப் பாறையின் மேல் உட்கார வைத்துச் சொல்லலாம்.

வண்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயம், எடுத்துவிட்டு வாருங்கள். அதைவிட முக்கியம், இறங்கும்போது கைபேசி காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி ரோடு கிட்டம் என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. எத்தனை விபத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு வந்தது என்று யோசிக்காமல், செக்போஸ்டில் நின்று சண்டை போடுகிறார்கள். எங்கள் ரோட்டிலும் நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, புகை வந்த பிறகு ஓரங்கட்டுகிற வண்டியை வாரா வாரம் பார்க்கிறேன். முன்னால் இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும் எங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பதும் அவர்கள்தான். உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால் வயிறு எரிகிறது.

சரி. நடை பிடித்துப் போய், நீங்களே ஒரு டப்பா வைக்க நினைத்தால், ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அடிக்கடி வந்து பார்க்க முடியாதவர்கள் வைப்பதைத் தளமும் ஏற்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு இடம் பார்த்து, நிலத்துக்காரரைக் கேட்டு, அந்த வழியாகத் தினமும் போகிற ஒருவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வையுங்கள்.