நூரம்பேர்க் கூண்டில் கோரிங்

கேள்வி: நாஜித் தலைவர் கோரிங்கின் விசாரணையை வைத்து வரலாற்று நாவல் எழுதுகிறேன். ஜூரிகள் முன் சூடாக வாதாடி, தீர்ப்பைக் கேட்டதும் கதறுகிறார். 'சினிமாத்தனம்' என்கிறார் நண்பர். எங்கே பிழை?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் ஜூரியைத் தூக்குங்கள். ஜேர்மனியின் நூரம்பேர்க் நீதிமன்றத்தில் இருந்தது நான்கு நாடுகளின் எட்டு நீதிபதிகள். அவர்களில் நால்வர் மாற்று நீதிபதிகள்.

சூடான வாக்குவாதம் இடறுவது மொழிபெயர்ப்பில்தான். எல்லோர் காதிலும் ஹெட்போன், நான்கு மொழிகள். வேகமாகப் பேசினால் மஞ்சள் பல்ப் எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஜேர்மன் வசனத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும் (நம் தமிழைப் போல), அதுவரை மொழிபெயர்ப்பாளர் தவிப்பார். ஆகவே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். யோசித்துப் பதில் சொல்ல கோரிங்குக்கு அது வசதி.

கதறலும் வேண்டாம். 1946 ஒக்டோபர் 1 அன்று மரணதண்டனையை வாசிக்கும்போது அவருடைய ஹெட்போன் வேலை செய்யவில்லை. சரிசெய்தபின் மறுபடி வாசித்தார்கள். பேசாமல் திரும்பிப் போனார். இதைவிட நல்ல காட்சியை நீங்கள் கற்பனை செய்ய முடியாது.

ஒக்டோபர் 15 இரவு, தூக்குக்குச் சில மணி முன்பு, சயனைட் விழுங்கினார். குப்பி அவர் கைக்கு எப்படி வந்தது என்பது இன்றும் சர்ச்சை. உங்கள் கற்பனைக்கு இடம் அங்கேதான்.