சர்ச்சா, கோயிலா? கோர்ட் யார் பக்கம்?

கேள்வி: அக்கா, எனக்கும் அவருக்கும் டிவோர்ஸ் ஆகிடுச்சு. ஜாயின்ட் கஸ்டடி (பெரிய முடிவெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கணும்), கேர் அண்ட் கன்ட்ரோல் (தினசரி பார்த்துக்கிறது) என்கிட்ட. கல்யாணத்தப்போ ரெண்டு பேரும் இந்து, அப்புறம் அவரு கிறிஸ்தவரா மாறிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆக்சஸ்ல, அதாவது பிள்ளையோட இருக்க அவருக்குக் கொடுத்த நேரத்துல, பையனை (பிரைமரி 4) சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறாரு, இப்போ ஞானஸ்நானம் கொடுக்கப் போறேன்னு மெசேஜ் போட்டிருக்காரு. 'அம்மா கும்பிடுறது வெறும் பொம்மை'ன்னு வேற சொல்லிக் கொடுத்திருக்காரு. சர்ச்சுக்கே போகக்கூடாதுன்னு ஆர்டர் வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்துல மூணு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு, அதை முதல்ல பிரிச்சிக்கணும். சர்ச்சுக்குப் போறது ஒண்ணு, ஞானஸ்நானம் இன்னொண்ணு, அம்மா சாமியை மட்டமா பேசுறது வேற.

எந்த மதம் ஒசத்தின்னு கோர்ட் பார்க்கவே பார்க்காது. மாதர் சாசனத்துல (கல்யாணம், டிவோர்ஸ், பிள்ளைங்க விஷயத்துக்கான நம்ம சட்டம்) பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேல. பிள்ளை எந்த மதத்துல வளரணும்னு கஸ்டடி ஆர்டர்ல நிபந்தனை போட 126ஆம் பிரிவு இடம் கொடுக்குது, அதனால கேட்கலாம், ஆனா சர்ச்சுக்குப் போறதால அவனுக்கு என்ன கெடுதல்னு நீங்க காட்டணும், எனக்குப் பிடிக்கலங்கிறது மட்டும் பத்தாது.

ஞானஸ்நானம் அப்படி இல்ல. படிப்பு, பெரிய ஆபரேஷன், மதம் மாதிரி விஷயங்கள் ஜாயின்ட் கஸ்டடியில ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது, கேர் அண்ட் கன்ட்ரோல் உங்ககிட்ட இருக்குன்னு நீங்களும் தனியா முடிவு பண்ண முடியாது. நம்ம அரசமைப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழே உள்ளவங்க மதத்தை பெற்றோர் இல்லன்னா பாதுகாவலர் தீர்மானிக்கணும்னு இருக்கு. பக்கத்துல மலேசியாவுலயும் கிட்டத்தட்ட இதே வரிதான், அங்க இந்திரா காந்திங்கிற ஒரு அம்மா போட்ட வழக்குல, அப்பா மட்டும் தனியா பிள்ளைங்களை மதம் மாத்துனது செல்லாது, ரெண்டு பேர் சம்மதமும் வேணும்னு 2018ல கூட்டரசு நீதிமன்றம் சொல்லிச்சு. அந்தத் தீர்ப்பு நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா அந்த அம்மா 2009லேர்ந்து எவ்வளவு அலைஞ்சாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னும் மனசு கனக்குது.

என்னைக் கேட்டா அந்தப் 'பொம்மை' பேச்சுதான் ரொம்ப மோசம். அம்மா வீட்டுல விபூதி பூசுனா அப்பாவுக்குத் துரோகம், அங்க ஜெபம் பண்ணா அம்மாவுக்குத் துரோகம்னு ஒரு பத்து வயசுப் பிள்ளை நினைச்சா அது எங்க போய் நிக்கும்? நீங்களும் பதிலுக்கு அவரு நம்பிக்கையைப் பழிக்காதீங்க, தயவுசெஞ்சு. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, அது உங்க உரிமை, ஆனா கட்டாயப்படுத்தி பால்குடம் தூக்க வைக்காதீங்க.

இப்போ உடனே, 'ஞானஸ்நானத்துக்கு எனக்கு சம்மதம் இல்ல, பேசி முடிவு பண்ணுவோம்'னு எழுத்துல பதில் போடுங்க. அவரு கேட்கலன்னா மீடியேஷன், அதுக்கப்புறம் கோர்ட். லாயருக்குக் காசு இல்லன்னா லீகல் எய்ட் பியூரோல விசாரிங்க. கேஸ் போனா ஜட்ஜே பையனைக் கூப்பிட்டுப் பேசக்கூடும், அவன் மனசுல உள்ளதை அவனே சொல்லட்டும், நீங்க எதுவும் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீங்க.