வலிக்கிறது என்பதற்காகத் தாடை மூட்டை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. இடது காதுக்கு முன்னால் ரொம்ப நாளாக வலி, வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம். காலையில் தாடை இறுகிக் கிடக்கிறது. முழங்கால் மாதிரி தாடைக்கும் செயற்கை மூட்டு வந்துவிட்டதாமே, ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாமா டாக்டர்? - வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் காலையில் இப்படி இறுகும். அது தசை வலி, மூட்டை எடுத்துவிட்டாலும் தசை அங்கேயேதான் இருக்கும். ‘டக்’ சத்தம், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நகர்ந்து திரும்புவதால் வருவது. முதலில் இரவில் பல்லில் மாட்டும் ஸ்ப்ளின்ட், மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி. கேட்காவிட்டால் ஊசி வழியாக மூட்டைக் கழுவிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதற்குள் குறைந்துவிடும்.

சரி, யாருக்குத்தான் மாற்றுவது? சின்ன வயதில் மோவாயில் அடிபட்டு, கவனிக்காமல் விட்டு, மூட்டு மண்டையோட்டு எலும்போடு ஒட்டிப்போய் வாயே திறக்காதவர்கள், அதிலும் ஆபரேஷன் செய்தும் மறுபடி ஒட்டிக்கொண்டவர்கள்; முடக்குவாதத்தில் மூட்டு கரைந்து கீழ்த்தாடை பின்னுக்குப் போனவர்கள்; கட்டிக்காக மூட்டையே இழந்தவர்கள். பிரிட்டன் அறுவை நிபுணர்கள் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வலியும் ஒரு காரணம்தான், ஆனால் வலி மட்டும் போதாது. வாய் 35 மி.மீ. கூடத் திறக்கவில்லை, கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை, கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம்) மாறிவிட்டது, மூட்டெலும்பு கரைந்திருக்கிறது என்று இவற்றில் ஒன்றாவது கூட இருக்க வேண்டும்.

இவ்வளவு தயங்கக் காரணம் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் டெஃப்ளான் கலந்த தாடை இம்ப்ளான்ட்டுகளை ஏராளமானவர்களுக்கு வைத்தார்கள். அவை சிதைந்து, துகள்கள் சுற்றியிருந்த எலும்பையே அரித்தன, பாவம், அவர்களில் பலர் திரும்பத் திரும்ப ஆபரேஷன் மேஜைக்குப் போனார்கள். இன்றைய கோபால்ட்-குரோம், டைட்டானியம், பாலிஎத்திலீன் மூட்டுகள் எவ்வளவோ மேல். ஆனாலும் வாய் திறந்து மூடுமே தவிர, தாடை பக்கவாட்டில் அவ்வளவாக நகராது. முக நரம்பு பாதிக்கலாம், கிருமி பிடித்தால் கழற்ற வேண்டியும் வரலாம். உங்கள் வயதில் வைத்தால் பின்னாளில் இன்னொரு முறை மாற்ற நேரலாம்.

உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பல் டாக்டரிடம் ஸ்ப்ளின்ட்டிலிருந்து தொடங்கலாம். நுழையாவிட்டாலோ, கடி மாறிக்கொண்டே வந்தாலோ, முக-தாடை அறுவை நிபுணரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். கவரிங் நகை போட்டால் அரிக்கும் என்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், நிக்கல் அலர்ஜி உள்ளவர்களுக்குச் செயற்கை மூட்டின் உலோகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.