வாரியலை ஓரமாக வையுங்கள்

கேள்வி: வடசேரியில் மெயின் ரோட்டோரம் எங்கள் வீடு. காலையில் தூத்தால் மத்தியானத்துக்குள் திண்ணையில் கரும்பொடி படிந்துவிடும். கணவருக்கு பேட்டரி பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஒன்றேகால் வயசுப் பிள்ளை தரையில்தான் கிடக்கிறான். தூசியில் ஈயம் இருக்குமாமே, வீடு மாறணுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வீடு மாறுவதைப் பிறகு பார்க்கலாம் அம்மா. உங்கள் கணவர் வேலைக்குப் போட்ட சட்டையை வந்ததும் எங்கே போடுகிறார்?

ரோட்டுத் தூசியில் உலோகம் உண்டுதான். பிரேக் தேய்ந்தால் செம்பு, டயர் தேய்ந்தால் துத்தநாகம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. ஆனால் ஈயம் மட்காது, அன்று விழுந்தது ரோட்டோர மண்ணில் இன்றும் கிடக்கும். பழைய ஜன்னல் பெயின்ட் உரிந்தாலும் கவனம் வேண்டும். இருந்தாலும் பேட்டரிக்குள் இருப்பதே ஈயம்தான்; உங்கள் வீட்டில் எனக்குப் பெரிய பயம் அந்தச் சட்டைதான்.

என் அண்ணன் கோட்டாறில் ஒரு பேட்டரி கடையில் 11 வருஷம் வேலை பார்த்தான். அவன் சட்டையை முற்றத்தில் உதறித் துவைத்தது நான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, உதறியது ஈயத்தூசி என்று உறைக்கவில்லை. அண்ணனின் ஓயாத வயிற்றுவலிக்கு ஒரு கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்தே இரண்டு வருஷம் ஓடியது. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்: டாக்டரிடம் கணவரின் வேலையை முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அவருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை.

பிள்ளைக்கு ஈயம் போவது பெரும்பாலும் கைவழி வாய்க்கு. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு போல ஏற்கும். குழந்தை உடம்பு பாதி வரை இழுத்துக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியில் கைவைக்கும்.

வாரியல் போட்டுத் தூத்தினால் தூசி எழும்பி மறுபடி படியும். ஈரத்துணியால் துடையுங்கள். சோறூட்டும் முன் பிள்ளையின் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கணவர் கடையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வரட்டும்; அதுவரை பிள்ளையைத் தூக்கவேண்டாம். அந்தத் துணியை உதறாமல் தனியாக நனையுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக வாங்கும். முருங்கைக்கீரை கொடுங்கள், நெத்தோலியை முள்ளோடு நன்றாக மசித்துக் கொடுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அடுத்த இதழ் வரை வைக்காமல் தபாலிலேயே பதில் போடுகிறேன்.